பெட்டி மட்டும் போதும், அண்ணாச்சி

பொருள் சேர்க்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்துக்கு நிலம் சேரும், நகை சேரும், பாங்கில் பணம் சேரும். இன்னொரு ரகத்துக்குத் தீப்பெட்டிப் படமும் பஸ் டிக்கெட்டும் சேரும். நான் எந்த ரகம் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் ரகத்து ஆள் எவனும் பம்பாய் சீத்தா கேம்ப்பில் மாளாவுக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உங்களிடம் புலம்பிக்கொண்டிருக்க மாட்டான்.

எங்கள் மனை பத்தடிக்குப் பதினைந்தடி. நான் கேட்டு வாங்கின அளவில்லை. 1976 மே மாதம், எமர்ஜென்சி காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்திலிருந்த ஜனதா காலனியை இடித்து, ஏறக்குறைய 70,000 பேரை லாரி லாரியாக இந்தச் சதுப்பு நிலத்தில் கொண்டுவந்து இறக்கினார்களே, அப்போது குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோடு போட்டுக் கொடுத்த அளவு அது. 150 சதுர அடி. இதில் என் வீட்டுக்காரி, மகன், மருமகள், பேத்தி, ஃப்ரிட்ஜ், தையல் மிஷின், தண்ணீர் டிரம், அப்புறம் நான். இந்த வரிசையில் எனக்கு ஆட்சேபணை உண்டு. ஃப்ரிட்ஜாவது கரண்ட் போனால்தான் சும்மா இருக்கும் என்பது வீட்டுக்காரியின் விளக்கம்.

இடம் போதாதபோது பம்பாய்க்காரன் மேலே பார்ப்பான். பாதி உயரத்தில் தளம் அடித்து மாளா ஏற்றுவான். ஆனால் குடிசைப் பகுதியில் 14 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது மாநகராட்சிச் சட்டம். கீழே எட்டடி போக மாளாவுக்கு மிச்சம் ஆறடி. நான் ஐந்தடி ஏழு அங்குலம். பாக்கி ஐந்து அங்குலத்தில் ஃபேன் சுற்றுகிறது.

அந்த மாளாவின் ஒரு ஓரத்தில்தான், ஃபேன் காற்று படாத மூலையில், என் வாழ்நாள் சேகரிப்பு இருந்தது. ஒரு பச்சை டிரங்குப் பெட்டியில் காமிக்ஸ். ஒரு சூட்கேஸில் கேசட். மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில்களில் பஸ் டிக்கெட். ஒரு பிஸ்கட் டின்னில் தீப்பெட்டிப் படம். நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் ‘எதுக்கும் இருக்கட்டும்’. இந்தக் கடைசி இனம் உங்கள் வீட்டிலும் இருக்கும். செத்துப்போன போன்களின் சார்ஜர், பூட்டு தொலைந்த சாவிகள், எதிலிருந்து கழன்றது என்றே தெரியாத ஸ்க்ரூக்கள். எங்கேயோ ஏதோ ஒன்று அந்த ஸ்க்ரூ இல்லாமலே இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கும்.

இதற்கெல்லாம் வந்தது முடிவு. பேத்தி அஞ்சாம் வகுப்புக்குப் போய்விட்டாள். இனிமேல் தரையில் கவிழ்ந்து படுத்து எழுதினால் கழுத்து வலிக்குமாம், அவளுக்கு மேஜை வேண்டும். மேஜை போட மாளாவில் மூலை வேண்டும். வீட்டில் எல்லாரும் மேலே அந்த மூலையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். இரண்டில் எதை அகற்றுவது என்று ஒரு நிமிஷம் யோசித்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

“மழைக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒதுக்கிருங்க” என்றாள் வீட்டுக்காரி. “இல்லைன்னா நான் ஒதுக்குதேன்.”

அவள் ஒதுக்கினால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். கலியாணமான புதிதில் என் சிகரெட் அட்டைச் சேகரிப்பை ஒதுக்கினாள். அதில் அடுப்பு எரிந்து, அதில் வெந்த சோற்றைத்தான் நான் அன்றைக்குச் சாப்பிட்டேன். சோறு நன்றாகத்தான் இருந்தது.

நான் சரித்திரத்தைத் துணைக்கு அழைத்தேன். இங்கே பாரும்மா, அந்தப் பிஸ்கட் டின் சாதாரண டின் இல்லை. ஜனதா காலனியை இடித்த அன்றைக்கு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கிட்டு லாரியில் ஏறு என்றார்கள். அப்பா தகரத்தையும் கதவையும் பெயர்த்துக்கொண்டார். அம்மா அம்மியைத் தூக்கிக்கொண்டாள். நான் இந்த டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். இங்கே வந்து இறங்கினால் முழங்கால் சேறு. ஜூன் பிறந்ததும் மழை. அம்மி சேற்றுக்குள் போய்விட்டது, டின் மிதந்தது. ஒரு தடவை ஊரையே பங்காருக்கு, அதான் பழைய சாமான்காரனுக்கு, போட்டுவிட்டு வந்தவர்கள் நாம். அதற்கப்புறம் ஒரு ஆணியைக்கூடத் தூக்கிப்போட மனசு வருமா?

எனக்கே தொண்டை கரகரத்தது. அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். “எங்க அய்யாவும்தான் அதே மாதிரி லாரியில வந்தாரு. எங்க வீட்ல யாரும் பஸ் டிக்கெட் சேக்கலையே.”

சரித்திரம் எப்போதுமே ஜெயித்தவர்கள் பக்கம்தான்.

ஜோக்கின் அற்புதம் பெயரை எடுத்தேன். எங்கள் காலனிக்காக நின்றவர், கோலார் தங்க வயலில் பிறந்து பம்பாய்க்கு வந்து தச்சு வேலை பார்த்தவர், 2000-ல் மகசேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீயும் வாங்கினவர், 2018-ல் காலமானார். அவர் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கம் ஒரு மரியாதை உண்டு. ஆனால் அவரைப் பற்றிய பிரசித்தமான கதையே குப்பைக் கதை என்பதை நான் மறந்துபோனேன். ஜனதா காலனியில் மாநகராட்சி குப்பை அள்ள வரவில்லை. இவர் பிள்ளைகளையெல்லாம் திரட்டி, ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைக் காகிதத்தில் கட்டித் தூக்கச் சொல்லி, ஊர்வலமாகப் போய் மாநகராட்சி ஆபீஸ் வாசலில் கொட்ட வைத்தார். அப்புறம்தான் குப்பை வண்டி வந்தது. காலனிப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி எங்களுக்கெல்லாம் மனப்பாடமான கதை.

“அந்த மனுஷன் சொல்லிக் கொடுத்தது என்ன? தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டுன்னுதானே?” என்றாள் வீட்டுக்காரி. “நீங்க அவர் பேரைச் சொல்லிக்கிட்டு வீட்டுக்குள்ள கொட்டி வச்சிருக்கீங்க.”

மருமகளிடம் போனேன். படித்த பெண், நிதானமாகப் பேசுவாள், மாமா என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். அதுதான் ஆபத்து. ஜப்பானில் மேரி கோண்டோ என்று ஒரு அம்மா இருக்கிறார், அவர் எழுதின புத்தகம் உலகம் பூரா விற்றது என்றாள். ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுக்க வேண்டுமாம். மனசில் சந்தோஷம் பொங்கினால் வைத்துக்கொள்ளலாம். பொங்காவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டுமாம். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து எடுத்தேன். ஒரு பழைய சார்ஜரை எடுத்தேன், பொங்கியது. துருப்பிடித்த சாவியை எடுத்தேன், பொங்கியது. ராத்திரி சாப்பாட்டு நேரம் வரை பொங்கிக்கொண்டே இருந்தது. ஒரு பொருள்கூடக் கழியவில்லை. வீட்டுக்காரி வந்து பார்த்தாள். அவளுக்கும் பொங்கியது.

அந்தக் கோண்டோ அம்மாவே மூன்றாவது பிள்ளை பிறந்தபிறகு வீட்டை ஒழுங்குபடுத்துவதை ஏறக்குறைய விட்டுவிட்டதாக 2023-ல் சொல்லியிருக்கிறார். இதை நான் கண்டுபிடித்து மருமகளிடம் காட்டியபோது எனக்கிருந்த பெருமை இருக்கிறதே! அவள் அமைதியாக, “அவங்களுக்கு மூணு பிள்ளைங்க மாமா, அதனால முடியல. நம்ம வீட்ல ஒண்ணுதான்” என்றாள். பேத்தியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் நவீன யோசனைக்காரன். “எல்லாத்தையும் போட்டோ எடுத்து கிளவுட்ல போட்டுரலாம்பா, அப்புறம் தூக்கிப் போட்டுரலாம்.” அதற்கு மாத வாடகை உண்டாம். பத்தடிக்குப் பதினைந்தடி இருக்கும்போது ஆகாயத்தில் எதற்கு வாடகை? தவிர, அவன் போனில் பத்து வருஷத்துக் குட்மார்னிங் படமெல்லாம் அப்படியே கிடக்கிறது. இடமில்லை, இடமில்லை என்று அந்தப் போனும் வீட்டுக்காரி போலவே தினம் முனகுகிறது. எங்கள் பரம்பரை வியாதி அவனுக்குப் பெட்டி இல்லாமலே வந்திருக்கிறது.

சரி, கௌரவமாக அனுப்பிவைப்போம் என்று தீர்மானித்தேன். முதலில் காமிக்ஸ். 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் வந்தது. 1984-ல் ராணி காமிக்ஸ் தொடங்கி, 2005 வரை 500 இதழ் வந்து நின்றது. பழைய முத்து காமிக்ஸுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நானும் கேள்விப்பட்டேன். அவர்கள் கேட்பது அட்டையோடு இருக்கும் புத்தகம். என் பிரதிகளில் அட்டையும் கடைசிப் பக்கங்களும் இருக்காது. மாயாவி கரண்ட் கம்பியில் கை வைத்து மறைவான். அதற்கப்புறம் அவனும் மறைந்துவிடுவான், கதையும் மறைந்துவிடும். பல கதைகளில் வில்லன்தான் ஜெயித்தான் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் ஒரு கோணியில் கட்டி, மான்கூர்டில் ரயிலேறி, வடாலாவில் மாறி, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளுக்குக் கிளம்பினேன். அந்த மாட்டுங்காப் பக்கம் நம்ம ஜனம் இருக்கிற இடம், அரோரா தியேட்டரில் தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்த வட்டாரம், அங்கே இதன் அருமை தெரியும் என்று கணக்கு. ஹார்பர் லைனில் கோணியைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு நின்றேன். எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மா கனிவாகப் பார்த்து, “பேப்பர் கிலோ என்ன ரேட்டுக்கு எடுக்கறீங்க?” என்று கேட்டார். வீட்டு விலாசமும் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். மரியாதையாகக் கேட்டவருக்கு எப்படி இல்லையென்பது? குறித்துக்கொண்டேன்.

நடைபாதையில் கடைக்காரர் கோணியைப் பிரித்தார். இரண்டு புத்தகத்தைப் புரட்டினார். “எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வு கைடு இருக்கா?” என்றார். இல்லை. “நீட்?” இல்லை. என்னையும் புரட்டிப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இந்தக் கோணி நல்லா இருக்கு, கெட்டி சணல். இதைக் கொடுக்கறீங்களா?” என்றார்.

அங்கேதான் எனக்கு முதல் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஒரு காபி குடித்துவிட்டு, கோணியையும் மாயாவியையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அடுத்தது பஸ் டிக்கெட். கண்டக்டர் ஓட்டை போடுகிற பஞ்ச்சை டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே வந்து, தகரப் பெட்டியிலிருந்து வண்ண வண்ணமாகக் கிழித்துத் தருவாரே, அந்த பெஸ்ட் டிக்கெட், பம்பாய் டவுன் பஸ் டிக்கெட். ரோஸ், பச்சை, மஞ்சள். எண்களைக் கூட்டினால் ஒன்பது வரும் டிக்கெட் ராசியானது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நான் சேர்த்ததெல்லாம் ஒன்பது. ஒரு பாட்டில் நிறைய ராசி இருந்தும் நான் இப்படி இருக்கிறேன் என்றால், எட்டு வந்தவர்கள் கதி என்னவோ.

பெஸ்ட் நிறுவனத்துக்கே ஆணிக் டிப்போவில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. செம்பூர் தாண்டினால் எட்டிவிடலாம். 1964 மார்ச் 31-ஆம் தேதியோடு பம்பாயில் நின்றுபோன டிராம் வண்டியின் கதையெல்லாம் அங்கே இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் பழைய சாமான்கள் எவ்வளவு மரியாதையாக இருக்கின்றன தெரியுமா! தூசியில்லை, யாரும் ஏசுவதில்லை. கொஞ்ச நேரம் பொறாமையோடு நின்றேன். ஆனால் கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்னவென்று ஆரம்பிப்பது? வாசலில் காவலாள் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உள்ளே தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது” என்றார். நல்லதாகப் போயிற்று என்று பாட்டிலோடு வெளியே வந்தேன்.

தீப்பெட்டிப் படத்துக்கு வருவோம். அதுதான் என் உயிர்.

படம் உரிப்பது ஒரு வித்தை. கொதிக்கிற தண்ணீர் ஆகாது, சாயம் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பசை இளகும்போது ஒரு மூலை தானாக நிமிரும். அவசரப்பட்டு நகம் வைத்தால் போச்சு, அதுவே எழுந்து வர வேண்டும். வந்ததைப் பழைய பேப்பர்மேல் மல்லாத்திப் போட்டு, மேலே இன்னொரு பேப்பர், அதன்மேல் குழவிக்கல். மறுநாள் எடுத்தால் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். சில படங்களின் பின்னால் பேப்பர் மை ஒட்டி, ‘கைது’ என்று இடம் வலம் மாறித் தெரியும். இப்போதெல்லாம் அட்டையிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். உரிக்க ஒன்றுமில்லை, கத்தரிக்க வேண்டியதுதான்.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். இந்தப் பக்கம் அம்பர்நாத்தில் விம்கோக்காரனின் தீப்பெட்டி ஆலை இருந்தது. கப்பல் படம் அங்கே, சிறுத்தையோடு மல்லுக்கட்டும் சீட்டா ஃபைட் நம்ம பக்கம். சிறுத்தையும் அந்த ஆளும் எத்தனையோ வருஷமாகக் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள், இன்னும் தீர்ப்பில்லை. பேத்தி அதைப் பார்த்துவிட்டு, “தாத்தா, இதுதான் நம்ம சீத்தா கேம்ப்பா?” என்றாள். “ஆமா” என்றேன். “அப்போ சிறுத்தை ஆச்சி, நீ இந்த மாமா” என்றாள். பிள்ளைக்கு நல்ல பார்வை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. படத்தை எடுத்துவிட்டால் குச்சி மிஞ்சும். வீட்டில் காஸ் லைட்டர் வந்து ரொம்பக் காலமாயிற்று. பதினாலு வருஷம் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனபோது, இனிமேலாவது நிறுத்துவீர்கள் என்று வீட்டுக்காரி நம்பினாள். விலை ஏறப்போகிறது என்று தெரிந்ததும் நான் நவம்பரிலேயே மொத்தமாக வாங்கிவிட்டேன். அந்தக் குச்சிகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. விளக்கேற்ற அவள் என்னிடம்தான் குச்சி கேட்க வேண்டும். என் சேகரிப்பால் வீட்டுக்குக் கிடைத்த ஒரே வருமானம் அந்தக் கேள்விதான்.

ஜப்பானில் தேயிச்சி யோஷிசாவா என்று ஒருவர் ஏழு லட்சத்துக்கும் மேல் தீப்பெட்டிப் படம் சேர்த்தார். அதைச் சொன்னேன். அமெரிக்காவில் ஆண்டி வார்ஹோல் என்று ஒரு பெரிய ஓவியர், கடிதம், பில், கிழிந்த காகிதம் எல்லாவற்றையும் போட்டு ஒட்டி வைத்த பெட்டிகள் 610. உள்ளே எகிப்து மம்மியின் பாதம்கூட இருந்தது. இன்றைக்கும் பிட்ஸ்பர்க்கில் அவர் பெயரில் உள்ள மியூசியத்தில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அதையும் சொன்னேன். “பாதமா?” என்று வீட்டுக்காரி முகம் சுளித்தாள். எழுந்து போய் என் நீல டிரம்மின் மூடியை இறுக்கித் திருகிவிட்டு வந்தாள்.

அயல்நாட்டுக் கதை எடுபடவில்லை, சொந்த நாட்டுக்கு வந்தேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று வீடு கொள்ளாமல் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு, சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைகொடுத்து வாங்கியது. வாங்கி அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை, சென்னையிலேயே வைத்தது. 1994 முதல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று நடக்கிறது, எங்கெங்கிருந்தோ அறிஞர்கள் வந்து படிக்கிறார்கள். புதுக்கோட்டை ஞானாலயாவைப் பார், கிருஷ்ணமூர்த்தியும் அவர் மனைவி டோரதியும் சேர்ந்தே புத்தகம் சேர்த்து நூலகமாக்கினார்கள். சேர்ந்தே என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

வீட்டுக்காரிக்கு டோரதி அம்மா காதில் விழவில்லை. சிக்காகோ மட்டும் விழுந்தது. அன்றிலிருந்து அதுதான். கதவு தட்டினால், “பாருங்க, சிக்காகோக்காரன் வந்துட்டானான்னு.” பால்காரர், கேபிள்காரர், ஓட்டு கேட்டு வந்தவர், எல்லாரும் எங்கள் வீட்டில் சிக்காகோக்காரர்கள். ஓட்டு கேட்டு வந்தவர் மட்டும் கொஞ்சம் சந்தோஷப்பட்டார்.

கடைசியில் வந்தவர் பங்கார்காரர். தராசைத் தோளில் தொங்கப்போட்டு, தள்ளுவண்டியைக் கல்லிச் சந்து முனையில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். காமிக்ஸை ஒரு பார்வை பார்த்தார். காகிதம் மக்கிவிட்டது, எடை நிற்காது என்றார். பஸ் டிக்கெட்டை உள்ளங்கையில் கொட்டி ஊதினார், பாதி பறந்தது. கேசட்டைத் தொடவே இல்லை. “இதை தாராவி பதிமூணாம் காம்பவுண்டில்கூட எடுக்க மாட்டான் சாச்சா. ரீல் மிஷினில் சிக்கும்.” தாராவியில் எடுக்காத பொருள் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். உடைந்த பக்கெட், பல் தேய்த்த பிரஷ், ஆஸ்பத்திரி பாட்டில், எல்லாவற்றுக்கும் மறுபிறவி கொடுக்கிற ஊர் அது. என் கேசட்டுக்கு மட்டும் மோட்சம் கிடையாது.

அப்புறம் அவர் பச்சை டிரங்குப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். டங்கென்றது. முகம் மலர்ந்தது. “இது அசல் இரும்பு. நல்ல விலை தரேன். உள்ளே இருக்கிறதை நீங்களே வச்சுக்குங்க.”

அவ்வளவுதான், செய்தி கல்லியில் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு பாய் வந்தார், நோன்புக்கு அரிசி கொட்டி வைக்க அந்த நீல டிரம் தோதாக இருக்கும் என்றார். எதிர் வீட்டு மதினி ஹார்லிக்ஸ் பாட்டில் மூன்றையும் கேட்டாள். இப்போதெல்லாம் இந்த மாதிரிக் கண்ணாடி எங்கே வருகிறது, ஊறுகாய் போட்டால் வருஷத்துக்கும் நிற்கும். மச்சான் விக்ரோலியிலிருந்து போன் பண்ணினான். ஊருக்குக் கோயில் கொடைக்குப் போகிறானாம், சூட்கேஸ் சும்மாதானே கிடக்கிறது. எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “பெட்டி மட்டும் போதும், அண்ணாச்சி.”

வாழ்க்கை பூரா நான் சேர்த்தது பெட்டிகளைத்தான், இடையில் ஏதோ காகிதம் போட்டுவைத்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

சூட்கேஸைக் காலி பண்ணும்போது வீட்டுக்காரி ஒரு கேசட்டை எடுத்துப் பார்த்தாள். லேபிளில் என் கையெழுத்து, ‘இளையராஜா, நல்ல பாட்டு’. பாயிடம் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. பென்சில் விட்டுச் சுற்றி, ரீலை இறுக்கிப் போட்டோம். ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து நான் பதிவு பண்ணின பாட்டு, கொரகொரவென்று ஓடிக்கொண்டிருந்தது. சரணம் ஆரம்பிக்கிற இடத்தில் அம்மா குரல், பாட்டை அமுக்கிக்கொண்டு, அடுப்படியிலிருந்து. “ஏல, குழாயில தண்ணி வந்துட்டு! குடத்தைத் தூக்கிட்டு ஓடு! பாட்டு கேட்டுக்கிட்டு நிக்கியான்!”

அம்மா போய் எத்தனையோ வருஷமாகிறது. அந்தப் பாட்டு எந்தப் போனிலும் கிடைக்கும், இந்த அதட்டல் இந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. யாரும் பேசவில்லை. வீட்டுக்காரி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரீலைத் திருப்பி இன்னொரு தடவை போடச் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு, “இதை மட்டும் வைங்க” என்றாள். நான் நெகிழ்ந்துபோனேன். “தண்ணி எடுக்கச் சொன்னா நீங்க அசைய மாட்டீங்கன்னு நான் சொன்னப்ப யாரும் நம்பல. அத்தையே சாட்சி சொல்லிட்டாக.”

பெட்டியெல்லாம் போய்விட்டது. டிரங்குப் பெட்டிக்குப் பங்கார்காரர் கொடுத்த பணத்தில் மேஜைக்கு முன்பணம் கொடுத்தோம். உள்ளே இருந்ததெல்லாம் மாளாவில் குவியலாகக் கிடந்தது. முன்பு ஒரு மூலையில் இருந்தது, இப்போது ஃபேனுக்கு அடியில் பரவி, சுவிட்ச் போட்டால் ராசியான டிக்கெட்டெல்லாம் எழுந்து பறந்தது. நான் கீழே, தையல் மிஷினுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே படுத்தேன்.

மேஜையும் வந்தது. நல்ல பலகை, அடியில் மூன்று இழுப்பறை. நான் ஒன்றும் சொல்லவில்லை. இழுப்பறையை இழுத்துப் பார்த்தேன், தள்ளிப் பார்த்தேன், ஆழம் எவ்வளவு என்று சாண் போட்டுப் பார்த்தேன். பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒண்ணு போதும் தாத்தா” என்றாள். “மத்த ரெண்டையும் நீ வச்சுக்கோ. ஆனா சும்மா இல்ல. ஒண்ணுக்கு மாசம் ஒரு சாக்லேட்.”

பேரம் பேசிப் பார்த்தேன், ஆச்சியின் பேத்தி, அசையவில்லை. மாயாவி, சிறுத்தை, ஒன்பது டிக்கெட் எல்லாம் உள்ளே போயாயிற்று. கேசட்டுகளை மட்டும் தலையணைக்கு அடியில் அடுக்கிக்கொண்டேன். சிக்காகோக்காரன் வருகிற வரைக்கும் மாசாமாசம் சாக்லேட் வாங்கித்தான் ஆக வேண்டும். அவள் தின்றுவிட்டுப் போடும் காகிதம் ஜரிகை மாதிரி தகதகவென்று என்ன அழகாக இருக்கிறது என்கிறீர்கள்! நாலைந்தை நீவிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது.